என் நெஞ்சுக்குள் ஒரு காற்புள்ளி

1999-ஆம் வருஷம். எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, தூத்துக்குடிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முதல் வேலைக்குச் சேர்ந்தேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு நெஞ்சுப் படம் எடுத்து ஃபைலில் வைப்பது அங்கே வழக்கம். எனக்கு எடுத்தவர் அங்கிருந்த சீனியர் அண்ணன். டார்க் ரூமிலிருந்து வெளியே வந்து, ஈரம் சொட்டச் சொட்ட ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“தம்பி, வீட்ல யாருக்காவது டிபி இருந்துச்சா?”

இருந்தது. தாத்தாவுக்கு. அவர் இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஃபிலிமை வாங்கிப் பார்த்தேன். வலது நுரையீரலின் உச்சியில் தலைமுடி மாதிரி மெல்லிய ஒரு கோடு தொடங்கி, வெளிப்பக்கமாக வளைந்து இறங்கி, நடுநெஞ்சின் அருகே ஒரு சொட்டில் போய் முடிந்தது. அச்சு அசலாக ஒரு காற்புள்ளி. படித்த படிப்பில் இதை யாரும் காட்டியதில்லை. ஆனால் வலது உச்சி டிபிக்குப் பிடித்த இடம் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற ரேடியாலஜிஸ்ட் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வருவார். படம் எடுத்தது சனிக்கிழமை. அந்த மூன்று நாளும் எனக்கு இருமல் வந்தது. நிஜமாகவே வந்தது. ராத்திரி லேசாகச் சுடுகிற மாதிரியும் இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. தட்டையும் டம்ளரையும் மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர் வந்தார். சென்னை பெரியாஸ்பத்திரியின் பர்னார்டு இன்ஸ்டிடியூட்டில் படித்தவர். 1934-இல் திறந்த அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசினால் ஊர்க் கோயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார். என் படத்தை வியூ பாக்ஸ் என்கிற வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பத்து விநாடி பார்த்தார். சிரித்தார்.

“யாருது இது? உன்னுதா? நல்லா இருக்கியேப்பா. இது அசைகஸ் லோபு. அம்மா வயித்துல இருக்கும்போதே வந்தது. நீ போகும்போது உன்கூடவே போகும். போய்ச் சாப்பிடு.”

அன்று மதியத்தோடு இருமல் நின்றுவிட்டது.

அவர் விளக்கியது இதுதான். கருவில் நெஞ்சு உருவாகும்போது, அசைகஸ் என்கிற ஒரு ரத்தக்குழாய் வலது நுரையீரலின் உச்சியைத் தாண்டி உள்பக்கமாக நகர்ந்து தன் இடத்துக்குப் போக வேண்டும். சிலருக்கு அது தாண்டாமல், நுரையீரலின் மேல்பகுதிக்குள்ளேயே அமுங்கி இறங்கிவிடுகிறது. இறங்கும்போது நுரையீரலைச் சுற்றியுள்ள உறையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த உறையின் மடிப்புதான் கோடு. கோட்டின் அடியில் தெரியும் சொட்டு, அந்த ரத்தக்குழாயேதான். எக்ஸ்ரேயில் பார்த்தால் ஆயிரம் பேரில் நாலு பேருக்கு இது இருக்கும். 1777-இலேயே ரிஸ்பர்க் என்கிற ஜெர்மன் உடற்கூறியல் அறிஞர் எழுதி வைத்துவிட்டார். ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895-இல். அதுவரை இந்த நாலு பேரும் தனக்கு இது இருப்பதே தெரியாமல் நிம்மதியாக வாழ்ந்து போயிருக்கிறார்கள்.

அசைகஸ் என்றால் கிரேக்கத்தில் ஜோடி இல்லாதது, நுகத்தில் பூட்டாதது என்று பொருளாம். நுகத்தடியில் பூட்டாத ஒற்றை மாடு. எனக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது.

டாக்டர் அதோடு விடவில்லை. “நோய்ப் படத்தை நான் பாத்துக்கறேன். நீ நல்ல படத்தைப் பாரு. ஒண்ணுமில்லேன்னு நான் எழுதின படமா எடுத்து வச்சு நூறு பாரு” என்றார். அந்த ஒரு வருஷம், ‘நார்மல்’ என்று எழுதிய ஃபிலிம்களைச் செவ்வாயும் வெள்ளியும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். நூறு முகத்தைப் பார்த்தால் எப்படி ஒன்று போல் ஒன்று இல்லையோ, அப்படித்தான் நூறு நெஞ்சும். நல்ல நெஞ்சு எத்தனை தினுசாக இருக்கும் என்று தெரியாதவன் கெட்ட நெஞ்சைத் தேடக் கூடாது என்பது அவர் கட்சி. அப்போது அது எனக்கு வெட்டி வேலையாகத்தான் தெரிந்தது.

நான் டெக்னீஷியன். ரிப்போர்ட் எழுதுவது என் வேலையில்லை. எழுதவும் மாட்டேன். ஆனால் படம் எடுக்கிற ஆள் கொஞ்சம் கவனமாக இருந்தால் எத்தனை வீட்டில் அழுகை மிச்சமாகும் என்பதற்கு என்னிடம் கணக்கு உண்டு. என்னால் வந்த அழுகைக்கும் சேர்த்து.

முதலில் ஜடை விஷயம். பிளஸ் டூ படிக்கிற பெண். இரண்டு வாரமாக இருமல். அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். அன்று கூட்டம் அதிகம். நான் அவசரத்தில் எடுத்து அனுப்பிவிட்டேன். வலது உச்சியில் பட்டையாக ஒரு வெளுப்பு. பார்த்த டாக்டர் டிபியாக இருக்கலாம், சளிப் பரிசோதனைக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். அதில் தப்பில்லை. சளியைப் பாருங்கள் என்று சொன்னதுதான் சரி. ஆனால் அந்த அப்பா வராந்தாவில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு, “பொம்பளப் புள்ளயாச்சே சார், வெளிய தெரிஞ்சா என்ன செய்வேன்” என்று புலம்பியது என் அறைக்குக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருக்கிறாள். ஈரம் காயாத கனத்த ஜடை வலது தோளுக்கு முன்னால் கிடக்கிறது. படம் எடுக்கும்போதும் அங்கேதான் கிடந்திருக்கும்.

முடிக்கு எக்ஸ்ரேயில் நிழல் விழாது என்று பலர் நினைக்கிறார்கள். அவிழ்த்துவிட்ட முடி பெரிதாகத் தெரியாது. இறுக்கிப் பின்னிய ஜடை தெரியும். ஈர ஜடை இன்னும் நன்றாகத் தெரியும். ரப்பர் பேண்டும் ஹேர்பின்னும் சொல்லவே வேண்டாம். முடியை அள்ளி உச்சியில் கொண்டை போடச் சொல்லி மறுபடி எடுத்தேன். உச்சி சுத்தமாக இருந்தது. இன்னொரு படத்துக்கு நான் காசு வாங்கவில்லை. தப்பு என்னுடையது.

அந்தப் படத்தை உற்றுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். வெளுப்பு நுரையீரலோடு நிற்கவில்லை. காறை எலும்பைத் தாண்டி, கழுத்து வரைக்கும் மேலே ஏறிப் போயிருந்தது. நுரையீரலுக்குள் இருக்கிற நோய் நுரையீரலுக்கு வெளியே கோடு போட்டுக்கொண்டு போகாது. நிழல் எங்கே முடிகிறது என்று பார், வெளியே நீண்டால் அது வெளியே உள்ள சங்கதி. இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

தாலி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கழற்றுங்கள் என்றால் பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும், மாமியார் கூட வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். மஞ்சள் கயிற்றால் பெரிய தொந்தரவில்லை. அதில் கோத்த பொன்தான் நுரையீரலின் மேல் உட்கார்ந்துகொள்ளும். வாயில் கவ்விக்கொள்ளுங்கள் அம்மா என்பேன். இத்தனை வருஷத்தில் அதற்கு யாரும் மறுப்புச் சொன்னதில்லை.

அடுத்தது முலைக்காம்பு. எழுதக் கூச்சப்பட ஒன்றுமில்லை, நெஞ்சுப் படத்தில் ஆண் பெண் இரண்டு பேருக்கும் இது தெரியும். கீழ்ப்பகுதியில், ஐந்தாம் ஆறாம் விலா எலும்பின் முன்பக்கத்தை ஒட்டி, சின்ன வட்டமாக ஒரு புள்ளி. இரண்டு பக்கமும் சமமாகத் தெரிந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் ஃபிலிமோடு அழுந்தித் தெரிந்து, மறுபக்கம் தெரியாமல் போனால் வந்தது வினை. ‘கட்டியா?’ என்று கேள்விக்குறியோடு ரிப்போர்ட் வரும். புகைபிடிக்கிற ஆளாக இருந்தால் அந்தக் கேள்விக்குறி வீட்டுக்குப் போவதற்குள் கேன்சராகிவிடும்.

வழி எளிது. காம்பின் மேல் ஒரு சின்ன உலோகக் குண்டையோ பேப்பர் கிளிப்பின் துண்டையோ பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். புள்ளியும் குண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் கதை முடிந்தது. நான் எத்தனையோ பேருக்கு இப்படி எடுத்து, சிரித்த முகமாக அனுப்பியிருக்கிறேன்.

ஒரு தடவை குண்டு ஒரு இடத்திலும் புள்ளி அதற்கு இரண்டு விரல் தள்ளியும் விழுந்தது. ஐம்பத்தெட்டு வயது லாரி டிரைவர். ‘காம்பாத்தான் சார் இருக்கும், எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தருக்கும் அப்படித்தான் சொன்னாங்க’ என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தவர். சிடி ஸ்கேன் எடுத்ததில் நிஜமாகவே கட்டி. சின்னதாக இருக்கும்போதே பிடித்ததால் ஆபரேஷன் செய்தார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இதைப் படித்துவிட்டு யாரும் தன் படத்தில் உள்ள புள்ளியைத் தானே நார்மல் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மார்க்கர் வைத்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

மறுபடி மறுபடி எடுத்தால் கதிர்வீச்சு ஆகாதே என்று சிலர் பயப்படுவார்கள். ஒரு நெஞ்சுப் படத்தில் கிடைப்பது, சும்மா இந்தப் பூமியில் நடமாடுவதால் சில நாட்களில் நமக்குக் கிடைக்கிற அளவுதான். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம், அங்கிருந்து வருகிறவர்கள் என்னிடம் வந்து இதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் கர்ப்பமாக இருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அதில் விளையாட்டே கூடாது.

விலா எலும்பு தனி உலகம். பன்னிரண்டு ஜோடி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். சிலருக்குக் கழுத்தெலும்பின் கடைசிக் கண்ணியிலிருந்து கூடுதலாக ஒரு குட்டி விலா முளைத்திருக்கும். கழுத்து விலா என்பார்கள். நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தையல்கார அக்காவுக்கு மட்டும் கை மரத்துப் போவதற்கு அதுதான் காரணமாக இருந்தது. கைக்குப் போகும் நரம்பை அது நெருக்கியிருந்தது. அது தெரிய வரும் வரை நாலு வருஷம் ‘ரத்த ஓட்டம் சரியில்லை’ என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆக, பிறவியிலேயே வந்தது என்பதற்காக எல்லாமே சாது என்றும் சொல்ல முடியாது.

வேறு சிலருக்கு ஒரு விலா முன்பக்கம் இரண்டாகப் பிரிந்து உண்டிவில் கவட்டை மாதிரி இருக்கும். நாலாவது விலாவில் இது அதிகம். குழந்தையின் நெஞ்சில் ஏதோ புடைப்பாக இருக்கிறது என்று பதறிப்போய்த் தூக்கி வருவார்கள், படத்தில் பார்த்தால் கவட்டை. காறை எலும்பின் உள்நுனியில், அடிப்பக்கம், யாரோ கரண்டியால் சுரண்டியது மாதிரி ஒரு பள்ளம் சிலருக்கு இருக்கும். எலும்பை ஏதோ அரித்துவிட்டது போலத் தோன்றும். அது காறை எலும்பையும் முதல் விலாவையும் கட்டிப் பிடித்திருக்கிற தசைநார் ஒட்டிய இடம், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் நம் ஊரில் அதிகக் குழப்பம் பண்ணுவது முதல் விலாவின் குருத்தெலும்பு. வயதாக ஆக அதில் சுண்ணாம்பு படியும். படத்தில் மேல்பகுதியில், காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, முண்டும் முடிச்சுமாக ஒரு வெளுப்பு. டிபி வருகிற அதே பேட்டை. ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறைவாகவும் படிந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அப்போது ஆளைப் பின்னால் சாய்ந்து நிற்கவைத்து ஒரு படம் எடுப்போம், லார்டாட்டிக் வியூ என்று பெயர். காறை எலும்பு மேலே ஏறிப்போய் நுரையீரலின் உச்சி திறந்துகொள்ளும். வெளுப்பு விலா எலும்போடு சேர்ந்து நகர்ந்தால் அது எலும்பினுடையது. படத்தை மட்டும் பார்த்து ஆறு மாத மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்னால் இப்படி ஒரு படமும், சளியில் டிபி கிருமியைத் தேடுகிற சிபிநாட் பரிசோதனையும் பார்த்துவிடுவது நல்லது. சிபிநாட் அரசாங்கத்தில் இலவசம்.

இதயம் பெரிதாகத் தெரிவதைப் பற்றியும் கேட்பார்கள். சின்ன வயதில் கரண்ட் போனால் அரிக்கேன் விளக்கை வைத்துச் சுவரில் மான், நாய் என்று நிழல் காட்டுவோமே, அதே கணக்கு. கை சுவரை ஒட்டி இருந்தால் நிழல் கையளவு. கையை விளக்குப் பக்கம் கொண்டுபோனால் நிழல் பூதம். இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருக்கிறது. அதனால்தான் நெஞ்சை ஃபிலிமோடு ஒட்டவைத்து, ஆறடி தள்ளி முதுகுப் பக்கத்திலிருந்து படம் எடுக்கிறோம். அப்படி எடுத்த படத்தில் இதயத்தின் அகலம் நெஞ்சின் உள் அகலத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். படுக்கையில் கிடப்பவருக்கு முன்னாலிருந்து, கிட்டத்தில் எடுத்த படத்துக்கு இந்தப் பாதிக் கணக்குப் பொருந்தாது. மூச்சை முழுக்க இழுக்காமல் எடுத்த படத்துக்கும் பொருந்தாது. ‘மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க’ என்று நாங்கள் கத்துவது சும்மா இல்லை. நிறையப் பேர் தோளை மட்டும் தூக்கிவிட்டு மூச்சை விட்டுவிடுவார்கள். நான் இப்போதெல்லாம் எடுப்பதற்கு முன்னால் இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிடுகிறேன்.

வலது உதரவிதானம் இடதைவிட இரண்டு விரக்கடை உயர்ந்து தெரியும், அதுவும் இயல்பு. கல்லீரல் முட்டுவதால் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரிய டாக்டர் திருத்தினார்: இதயம் இடதைக் கீழே அமுக்கி வைத்திருக்கிறது. அதற்கு அத்தாட்சியைத்தான் அப்புறம் ஒரு ஆள் கொண்டுவந்து கொடுத்தார். அது நான் செய்த பெரிய தப்பின் கதை.

2003 என்று நினைக்கிறேன். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பையன், இருபது வயது இருக்கும். காய்ச்சல், இருமல். படம் எடுத்தேன். டார்க் ரூமில் கழுவும்போதுதான் கவனித்தேன், ஈய மார்க்கரை வைக்க மறந்திருந்தேன். வலது இடது எழுத்து இல்லை. இது எல்லோரும் செய்கிற தப்பு, எல்லோரும் செய்கிற தீர்வையே நானும் செய்தேன். ஃபிலிமைத் தூக்கிப் பார்த்து, இதயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அது இடது என்று வைத்து, மறுபக்கத்தில் பேனாவால் ‘ஆர்’ எழுதி அனுப்பினேன். வேறு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நார்மல் என்று ரிப்போர்ட் ஆனது.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பையனுக்கு இடது அடிவயிற்றில் வலி. வாந்தி. வாயுத் தொல்லை என்று ஒரு நாள் முழுக்க ஓட்டியிருக்கிறார்கள். குடல்வால் வலி வலது பக்கம் அல்லவா வரும்? பெரிய ஊருக்குக் கொண்டுபோய் ஸ்கேன் பார்த்தபோது கல்லீரல் இடது பக்கம் இருக்கிறது. அங்கே இருந்த டாக்டர் இவன் கையிலிருந்த என் படத்தைப் பார்த்துக் குழம்பியிருக்கிறார். இதயம் இடது பக்கம் என்று படம் சொல்கிறது, காதை வைத்தால் வலது பக்கம் துடிக்கிறது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி உள்ளுறுப்பு எல்லாமே இடம் மாறிப் பிறந்தவன் அவன். பத்தாயிரம் பேரில் ஒருவர் அப்படிப் பிறப்பார்கள். ஆபரேஷன் முடிந்து தேறி, பையனும் அவன் மாமாவும் என்னிடம் வந்தார்கள். சண்டை போட வரவில்லை. “அண்ணாச்சி, இந்தப் படம் இவனோடதுதானா, மாறிக்கீறிப் போச்சா?” என்று கேட்க வந்தார்கள்.

மாறவில்லை. நான்தான் மாற்றினேன் என்று சொன்னேன். அந்த மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் காபி வாங்கிக் கொடுத்தார். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். இதயம் மட்டும் வலது பக்கம் இருந்திருந்தால், இரைப்பையில் உள்ள காற்றுக் குமிழி என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். அது இதயத்துக்கு எதிர்ப்பக்கம் விழுந்து, என்னடா இது என்று யோசிக்க வைத்திருக்கும். இவனுக்கு எல்லாமே சேர்ந்து மாறியிருந்ததால், திருப்பிப் போட்ட படம் அச்சாக நல்ல படமாகவே இருந்தது. பெரிய டாக்டரே ஏமாந்தார் என்றால் என் பேனா அவரை ஏமாற்றியது. மறுபடி மார்க்கர் வைத்து எடுத்தோம். இதயம் வலப்பக்கம், உயர்ந்திருந்தது இடது உதரவிதானம். கல்லீரலும் இடது பக்கம்தானே என்று நான் விடாமல் கேட்டேன். இதயம் மட்டும் மாறியிருக்கிற ஆட்களுக்கும் இதயம் இருக்கிற பக்கமே தாழ்ந்திருக்கும் என்று டாக்டர் தன் பழைய ஃபிலிம் கட்டிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார்.

அன்றிலிருந்து மார்க்கரை வைத்த பிறகுதான் பட்டனில் கை வைப்பேன். இப்போது டிஜிட்டல் வந்துவிட்டது. ஆபத்து குறைந்ததா என்றால் இல்லை, ஒரு கிளிக்கில் படத்தைத் திருப்பிவிடலாம். ஃபிலிமைப் பின்பக்கத்திலிருந்து செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் உண்டு. உங்கள் படத்தில் ‘ஆர்’ என்றோ ‘எல்’ என்றோ எழுத்து இருக்கிறதா, உங்கள் பெயர், தேதி சரியாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். உறுப்பு இடம் மாறியிருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அதை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களின் தோல் மடிப்பும் இப்படி ஒரு எமகாதகன். மெலிந்த பாட்டி, படுக்கையில் கிடக்கிறார். முதுகுக்கு அடியில் ஃபிலிம் வைத்த கேசட்டைச் செருகும்போது தோல் மடிந்து சுருண்டுகொள்ளும். படத்தில் நெஞ்சின் ஓரத்தில் நீளமாக ஒரு விளிம்பு தெரியும். நுரையீரல் சுருங்கி வெளியே காற்று அடைத்துக்கொண்ட மாதிரியே இருக்கும். ஒரு ராத்திரி, அந்தக் காற்றை வெளியே எடுக்க நெஞ்சில் குழாய் போடத் தட்டு வரை தயாராகிவிட்டது. டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் கெட்டிக்காரர், பாட்டி மூச்சு வாங்காமல் கதை பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, தோலை நீவிவிட்டு இன்னொண்ணு எடுங்க” என்றார். எடுத்தேன். கோட்டைக் காணோம். முதல் படத்தை மறுபடி பார்த்தோம். கோட்டுக்கு வெளியேயும் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் நூல் நூலாகப் போய்க்கொண்டிருந்தன, கோடு விலாக்கூட்டைத் தாண்டிக் கீழே வயிறு வரைக்கும் இறங்கியிருந்தது. ஜடைக் கதைதான் மறுபடியும்.

குழந்தைகளின் படத்தில் இதயத்துக்கு மேலே, பெரும்பாலும் வலப்பக்கம், தோணியின் பாய் மாதிரி முக்கோணமாக ஒரு நிழல் நீட்டிக்கொண்டிருக்கும். அது தைமஸ் சுரப்பி. இரண்டு மூன்று வயது வரை நன்றாகத் தெரியும், அப்புறம் அடங்கிவிடும். இதைப் பற்றிப் பெரிய டாக்டர் சொன்ன ஒரு சரித்திரம் உண்டு. போன நூற்றாண்டின் தொடக்கத்தில், திடீரென்று இறந்த குழந்தைகளின் உடலில் தைமஸ் ‘பெரிதாக’ இருப்பதைப் பார்த்த வைத்தியர்கள், அதுதான் மூச்சுக்குழலை அமுக்கிக் கொல்கிறது என்று முடிவுகட்டினார்கள். 1907-இல் அமெரிக்காவில் சின்சினாட்டியில் ஒரு குழந்தைக்குத் தைமஸைச் சுருக்கக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அது பரவி, பல பத்தாண்டுகள் ஆரோக்கியமான குழந்தைகளுக்கெல்லாம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 1950-இல்தான், தைராய்டு புற்றுநோய் வந்த பிள்ளைகளில் பலர் சிறுவயதில் இந்தச் சிகிச்சை எடுத்தவர்கள் என்ற செய்தி வெளியானது.

எங்கே தவறினார்கள்? தைமஸின் ‘இயல்பான’ அளவை, நாள்பட்ட நோயிலும் பட்டினியிலும் இறந்த ஏழைக் குழந்தைகளின் உடல்களை அறுத்துப் பார்த்து எழுதி வைத்திருந்தார்கள். நோயில் தைமஸ் சுருங்கிவிடும் என்பது தெரியவில்லை. சுருங்கியதை இயல்பு என்று எடுத்துக்கொண்டதால், நல்ல குழந்தையின் தைமஸ் அவர்களுக்கு வீக்கமாகத் தெரிந்தது. நூறு நல்ல படம் பார் என்று அவர் ஏன் என்னைப் படுத்தினார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

எல்லாவற்றையும்விட நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. பழைய படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் எடுத்த ஃபிலிமில் அதே புள்ளி அதே அளவில் இருந்தால், பல ஆயிரம் ரூபாய் சிடிக்கு வேலை இல்லாமல் போகலாம். எங்கள் பக்கம் பழைய ஃபிலிமைச் சன்னல் ஓட்டைக்கு அடைப்பார்கள், சூரிய கிரகணம் பார்க்க எடுப்பார்கள். கிரகணத்தை அதில் பார்த்தால் கண் போய்விடும், அது வேறு. டிஜிட்டல் படத்தை செல்போன் கேலரியில் மட்டும் வைத்திருந்தால் போன் மாறும்போது போய்விடும். மெயிலில் உங்களுக்கு நீங்களே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இருப்பது பிறவி வேறுபாடு என்று டாக்டர் சொன்னால், அதன் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை படம் எடுக்கும்போது அதை முதலில் நீட்டுங்கள்.

எனக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை, படமே இருக்கிறது. 1999-இல் எடுத்த அந்த ஃபிலிம் இன்னும் என் மேஜை டிராயரில் மஞ்சளேறிய உறையில் இருக்கிறது. ஃபிக்ஸர் என்கிற ரசாயனத்தைச் சரியாகக் கழுவாததால் ஓரத்தில் பழுப்புக் கறை.

போன வருஷம் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் வந்தான். வெல்டர். வளைகுடா போக விசா மெடிக்கலில் நெஞ்சுப் படம் எடுத்து, வலது உச்சியில் பழைய நோய்த் தழும்பு என்று சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டார்களாம். ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் பாதி போய்விட்டது. அவன் அம்மா நகையை வைத்த பணம். சிடி எடுத்து, ரேடியாலஜிஸ்டிடம் கடிதமும் வாங்கினான். அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் போய்விட்டான். இப்போது இன்னொரு ஏஜெண்டு, இன்னொரு மெடிக்கல். அதற்கு முன்னால் என்னிடம் ஒரு படம் எடுத்துப் பார்க்க வந்திருந்தான். “கடுதாசி இருக்கு அண்ணாச்சி, ஆனா எனக்கே நம்பிக்கை வரல” என்றான்.

எடுத்தேன். திரையில் படம் வந்ததும் பார்த்தேன். வலது உச்சி, வளைந்த கோடு, அடியில் சொட்டு. டிராயரைத் திறந்து என் ஃபிலிமை எடுத்து, யாரும் இப்போது பயன்படுத்தாத அந்தப் பழைய வியூ பாக்ஸைத் தூசி தட்டி மாட்டினேன். டியூப்லைட் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. அவன் திரையையும் ஃபிலிமையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இது யாருது?”

மூலையில் இருந்த என் பெயரைக் காட்டினேன். குனிந்து படித்தான்.

“ஒங்க கோடு கொஞ்சம் பெருசா இருக்குல்லா?” என்றான்.